இட்லி சோடா

போன சனிக்கிழமை போரூரில் அண்ணன் வீட்டில் தங்கினேன். ராத்திரி பத்து மணிக்கு அவன் மகள், மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், தலையணையை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து விழுந்தாள். "அத்தை, ஒரு விஞ்ஞானிப் பையன் கதை சொல்லு. அவன் பண்ற எக்ஸ்பெரிமென்ட் டமால்னு வெடிக்கணும். சிரிப்பு வரணும். கடைசில அட்வைஸ் வரக்கூடாது." சாம்பார் தனியாக, சட்னி தனியாக என்று ஓட்டலில் சொல்வது போல அடுக்கினாள்.

இந்த மாதிரிக் கதைகள் எனக்கும் தெரியும். ஒரு பையன் இருப்பான், மூக்குக் கண்ணாடி போட்டிருப்பான், இரண்டு கலர் தண்ணீரை ஒன்றாக ஊற்றுவான், புகை வரும், முகம் கரியாகும், தலைமுடி குத்திட்டு நிற்கும், அம்மா வந்து காதைத் திருகுவாள், பெரியவர்களைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது என்று அவன் தெரிந்துகொள்வான். என்ன கலர், என்ன தண்ணீர், ஏன் புகைந்தது என்று எவரும் சொல்வதில்லை. ஒரு குழந்தைக்கு வேண்டியதே அதுதான். அந்தப் பையன் என்ன நினைத்து அதைச் செய்தான் என்பது தெரியாவிட்டால் வெடித்ததில் என்ன சிரிப்பு இருக்கிறது? பட்டாசு கூடத்தான் வெடிக்கிறது.

கண்ணாடி போட்ட விஞ்ஞானி எனக்கு வேண்டாம், என் வீட்டிலேயே ஒருத்தன் இருந்தான். அவன் அப்போது பக்கத்து அறையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு யாரிடமோ 'ரிஸ்க் அசெஸ்மென்ட்' என்று ரொம்பப் பொறுப்பாகப் பேசிக்கொண்டிருந்தான். நான் கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தேன்.

1989 மே மாதம். ஊர் இன்னும் மெட்ராஸ்தான், சென்னை ஆக ஏழு வருஷம் இருந்தது. நாங்கள் அயனாவரத்தில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஐந்து குடித்தனம், ஒரு கைப்பம்பு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொட்டை மாடி. அப்பாவின் அம்மாவை ஆயா என்று கூப்பிடுவோம். ஆயா வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தார். கடை என்றால் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு இட்லிப் பானை, ஒரு மணை, அவ்வளவுதான். காலையில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கு ஷிப்ட் போகிறவர்கள் சைக்கிளை ஒரு காலில் நிறுத்திக்கொண்டே நாலு இட்லி தின்றுவிட்டுப் போவார்கள். அந்த வருமானத்தில்தான் எங்கள் இருவருக்கும் நோட்டுப் புத்தகம் வந்தது. ஆக, எங்கள் வீட்டில் மாவு என்பது சாப்பாட்டுச் சாமான் இல்லை. முதலீடு.

அண்ணனுக்குப் பதினொரு வயது. எனக்கு எட்டு. ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிந்து லீவு விட்ட முதல் வாரமே அவனுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ஆயா மத்தியானம் ஆட்டுக்கல்லில் ஆட்டி, பெரிய அடுக்கில் வழித்து வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். சாயங்காலம் எழுந்து வந்து உப்புப் போட்டுக் கையால் கரைத்து மூடி வைப்பார். மறுநாள் விடிகாலையில் பார்த்தால் பாதி அடுக்கு மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. அண்ணன் மட்டும் ஒரு நாள் பல் தேய்க்கப் போனவன் நின்று, பல் குச்சியோடு பத்து நிமிஷம் அதையே பார்த்தான்.

"மூடியை யாரு தூக்குனது?" என்று என்னைக் கேட்டான்.

"மாவு."

"மாவுக்குக் கை இருக்கா?"

எனக்கு எட்டு வயது, என்ன சொல்வது. மாவுக்குள் காற்று இருக்கிறது, அந்தக் காற்றுதான் தூக்குகிறது என்று அவனே முடிவு செய்தான். அன்று சாயங்காலமே ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு டம்ளர் மாவை ஊற்றி, வாயில் ஒரு சிவப்பு பலூனை மாட்டி, மாடிப்படிக்குக் கீழே ஒளித்து வைத்தான். காலையில் பலூன் எழுந்து நின்றது. முழுசாக உப்பவில்லை, தூக்கத்திலிருந்து எழுந்த ஆள் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அவன் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். இன்றைக்கும் அவன் முகத்தில் அந்தப் பரவசத்தை வேறு எதற்கும் நான் பார்த்ததில்லை, கல்யாணத்தன்று உட்பட.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அவனுக்கு அப்போது தெரியாததைச் சொல்லிவிடுகிறேன். அரிசியிலும் உளுந்திலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கிற பாக்டீரியாக்கள் ஊறிய மாவில் பெருகுகின்றன. அதில் முக்கியமான ஆளின் பெயர் லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ். நாம் சாப்பிடும் மெத்தென்ற இட்லிக்குப் பின்னால் இப்படி ஒரு பல்லை உடைக்கிற பெயர் இருக்கிறது. அது சர்க்கரையைத் தின்று புளிப்பையும் கரியமில வாயுவையும் கக்குகிறது. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. அரிசி மாவு மட்டும் இருந்தால் குமிழி உடைந்து போய்விடும். உளுந்து இருப்பதால்தான் பொங்குகிறது. ஆயா இதையெல்லாம் "உளுந்து நல்லா பூத்து வரணும்" என்று நாலு வார்த்தையில் முடித்துவிடுவார்.

அண்ணன் கண்டுபிடித்த இன்னொன்று இன்னும் பெரியது. உப்புப் போடுவதற்கு முன்னால் எடுத்த மாவு, உப்புப் போட்ட பிறகு எடுத்ததைவிடச் சீக்கிரம் பலூனைத் தூக்கியது. இரண்டு பாட்டில், இரண்டு பலூன், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அது உண்மைதான், உப்பு புளிப்பை மட்டுப்படுத்தும். ஆயா கத்தரி வெயிலில் மறக்காமல் உப்புப் போட்டு வைப்பதே மாவு விடிவதற்குள் புளித்துத் தொலையாமல் இருக்கத்தான். ஆக, தன் ஆராய்ச்சிக்கு மாவு திருட வேண்டிய நேரம் எது என்பதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆயா ஆட்டிவிட்டுப் படுப்பதற்கும் எழுந்து உப்புப் போடுவதற்கும் நடுவில் உள்ள ஒன்றரை மணி நேரம்.

இந்த இடத்தில் என் மருமகள் எழுந்து உட்கார்ந்தாள். "அந்தப் பையன் பேரு என்ன?" என்றாள். பேரெல்லாம் கதைக்கு எதற்கு, படு என்றேன்.

பலூனில் இருக்கிற காற்றை என்ன செய்வது? தெருமுனையில் ஒரு சோடாக் கடை. அங்கே ஓர் இரும்புப் பெட்டிக்குள் பாட்டில்களை வைத்து மூடி, சிலிண்டரைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்துச் சுற்றோ சுற்றென்று சுற்றுவார் கடைக்காரர். சோடாத்தாத்தா என்று கூப்பிடுவோம், அப்படி ஒன்றும் வயசில்லை அவருக்கு. சோடாவில் இருப்பது கேஸ் என்று அவர்தான் அண்ணனுக்குச் சொன்னார். கேஸுக்குக் காசு கொடுத்து சிலிண்டர் வாங்குகிறார் என்றும் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் தினமும் ஓர் அடுக்கு மாவு ஓசியில் கேஸ் விட்டுக்கொண்டிருக்க, இந்த மனுஷன் காசு கொடுத்து வாங்குகிறாரே என்று அண்ணனுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இட்லி மாவு கேஸில் சோடா போட்டு, அதை ஆயா கடையிலேயே இட்லியோடு விற்பது என்று திட்டம். கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தான். எனக்கு லாபத்தில் கால் பங்கு.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்காதீர்கள். ஜோசப் பிரீஸ்ட்லி என்று ஆக்சிஜன் பாடத்தில் வருவாரே, அவர் 1767ல் இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊருக்குக் குடிபோனார். பக்கத்தில் ஒரு பியர் ஆலை. நுரைத்துக்கொண்டிருந்த பியர்த் தொட்டிக்கு மேலே தண்ணீரை வைத்துப் பார்த்தார், தண்ணீரில் சுர்ரென்று ஒரு ருசி ஏறியது. 1772ல் அதை எப்படிச் செய்வது என்று ஒரு சிறு புத்தகமே போட்டார். உலகத்தின் சோடா வியாபாரம் எல்லாம் புளிக்கிற தொட்டி மேலே எழும்பிய அந்த ஓசி வாயுவிலிருந்து ஆரம்பித்ததுதான். அண்ணனுக்கு இது தெரியாது, அவனாகத்தான் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தான். என்ன, இருநூற்றி இருபத்திரண்டு வருஷம் லேட்.

முதல் முயற்சி சைக்கிள் கடையில் வாங்கிய வால்வு டியூப். மாவு பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, டியூபைச் சொருகி, மெழுகுவர்த்தியை உருக்கி அடைத்து, மறுமுனையை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டான். ஒரு நிமிஷத்துக்கு ஒரு குமிழி வந்தது. இரண்டு பேரும் மாடிப்படிக்குக் கீழே குத்த வைத்து உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்க எண்ணினோம். அப்புறம் என்னைக் குடிக்கச் சொன்னான். (ஆராய்ச்சியில் என் பதவி அதுதான்.) வெதுவெதுப்பான தண்ணீர், புளித்த மாவு வாசனை. சோடாவாவது, கீடாவாவது.

காரணம் சாதாரணமானது. அழுத்தாமல் சும்மா குமிழி விட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் கரியமில வாயு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் கரையும், வெயில் ஏற ஏற அதுவும் குறையும். நாக்கில் ஏறுகிற சோடாவுக்கு அதைப்போல மூன்று, நான்கு மடங்கு வேண்டும். அழுத்தி ஏற்றினால்தான் உள்ளே போகும். அண்ணனுக்கு மடங்குக் கணக்கு தெரியாது, ஆனால் சோடாத்தாத்தா இரும்புப் பெட்டியை ஏன் அவ்வளவு இறுக்கி மூடுகிறார் என்பது அன்று புரிந்துவிட்டது.

"அழுத்தணும்" என்றான்.

இனி வருவது கோலி சோடா பாட்டில். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், கெட்டியான பச்சைக் கண்ணாடி, கழுத்தில் இரண்டு பக்கமும் கிள்ளி விட்டது போலக் குழி, உள்ளே ஒரு கோலிக்குண்டு, வாய்க்குள் ஒரு ரப்பர் வளையம். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872ல் காப்புரிமை வாங்கிய வடிவம். பிறந்த ஊரில் அது எப்போதோ அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, நம் ஊரில் இன்னும் எலுமிச்சம்பழத்தோடு விற்கிறது. அதன் அழகு என்னவென்றால் மூடி கிடையாது. உள்ளே இருக்கிற வாயுவே கோலியைத் தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். வாயு கூடக் கூட அடைப்பு இறுகும். பையன்கள் அந்தப் பாட்டிலை உடைத்துக் கோலியை எடுப்பதைப் பற்றித்தான் யோசிப்பார்கள். என் அண்ணன், "அப்போ மாவே பாட்டிலை மூடிக்கும்!" என்றான்.

சோடாத்தாத்தாவிடம் தன் ஜாமெட்ரி பாக்ஸை அடகு வைத்துவிட்டு மூன்று காலிப் பாட்டில் வாங்கி வந்தான். ரப்பர் வளையம் நன்றாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்துத்தான் வாங்கினான். உப்புப் போடாத மாவு, தண்ணீர், இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அதைக் கோலியைத் தாண்டி உள்ளே இறக்க, பழைய தினசரிக் காலண்டர் தாளைச் சுருட்டிப் புனல் செய்தான். பாதிப் பாட்டில்தான் ஊற்றினான், காற்றுக்கு இடம் வேண்டும் என்று. பிறகு பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்ததும் கோலி உருண்டு வந்து வளையத்தில் 'டிக்' என்று உட்கார்ந்தது. ஓரத்தில் கொஞ்சம் மாவு கசிந்தது, காய்ந்து அதுவே பசை ஆகிவிட்டது. மூன்று பாட்டிலையும் அப்படியே தலைகீழாகத் தகர வாளி மணலில் கழுத்தளவு குத்தி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தோம்.

வீட்டில் வேறு ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஒரு வாரமாக மாவு குறைகிறது. ஆயாவுக்கு அளவு, படி ஒன்றும் தேவையில்லை, அடுக்கின் உள்பக்கத்தில் எந்த வளையம் வரைக்கும் பொங்கும் என்பது கண் கணக்கு. ஒரு விரற்கடை குறைந்தாலும் தெரிந்துவிடும். ஆனால் மாவு திருடு போகும் என்று எவராவது நினைப்பார்களா? பவுன் திருடுவான், பாத்திரம் திருடுவான், பச்சை மாவைத் திருடி என்ன செய்வான். ஆயா அதனால் கண்பட்டுவிட்டது என்று முடிவுக்கு வந்தார். நாலாவது வீட்டுக்காரம்மா மேல் சந்தேகம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடிக்கு மேல் ஒரு கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் வைத்து, மாவு அடுக்கை நடு வாசலில் வைத்து, உப்பு மிளகாய் கையில் எடுத்து, "ஊருக் கண்ணு, உறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு" என்று மூன்று முறை மாவுக்குச் சுற்றிப் போட்டார். அடுக்கு ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றது என் அண்ணன். முகத்தில் அப்படி ஒரு பக்தி.

மறுநாள் மாடிக்குப் போய்ப் பார்த்தால் ஒரு பாட்டில் ஒழுகிப் போயிருந்தது. அதை அப்போதே கழித்துவிட்டான். இரண்டாவதை எடுத்து நிமிர்த்தினான். கோலி விழவில்லை! ரப்பர் வளையத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளே வெள்ளையாக, முழுப் பாட்டிலும் நுரை. கட்டை விரலால் அழுத்திப் பார்த்தான், அசையவில்லை. அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு (வயிற்றோடு சேர்த்து! இப்போது நினைத்தால் எனக்குக் குடல் நடுங்குகிறது) சோடாக் கடைக்கு ஓடினோம்.

சோடாத்தாத்தா முதலில், "இன்னா நைனா, பால் சோடாவா?" என்று சிரித்தார். அண்ணன் விளக்கினான். மாவு, சர்க்கரை, இரண்டு ராத்திரி, வெயில். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பாட்டிலை அவன் கையிலிருந்து ரொம்ப மெதுவாக வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோகவில்லை. ஐஸ் மூடி வைத்திருந்த ஈரச் சாக்கை எடுத்துப் பாட்டிலைச் சுற்றிக் கழுத்து மட்டும் தெரிகிற மாதிரி கட்டி, மணல் வாளிக்குள் இறக்கி, எங்கள் இருவரையும் பெட்டிக்குப் பின்னால் போகச் சொன்னார். பெரியவர்கள் எங்கள் விஷயத்தை அவ்வளவு மரியாதையோடு கையாண்டது அதுதான் முதல் தடவை. கடை பெஞ்சில் ஒருவர் பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வட்டத்துக் கட்சிக்காரர். கரை வேட்டி, கஞ்சி போட்டு மொடமொடவென்று வெள்ளைச் சட்டை. அவரையும் போகச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை போல.

தாத்தா மரக்கட்டையைக் கோலி மேல் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு தட்டு.

'டொப்.'

ஒன்றும் நடக்கவில்லை. ஒன்று, இரண்டு எண்ணுகிற நேரம். பிறகு கழுத்திலிருந்து வெள்ளையாக ஒரு கயிறு எழும்பியது. உண்மையாகவே கயிறு மாதிரித்தான், விரல் கனத்தில், நேராகப் போய்த் தகரக் கூரையில் 'சளப்' என்று அடித்தது. நடுவில் கோலி திரும்ப மேலே ஏறி அடைத்துக்கொண்டது. தாத்தா இன்னொரு தட்டு. மறுபடியும் கயிறு, மறுபடியும் அடைப்பு. பாட்டிலுக்கு இருமல் வந்தது போல மூன்று தடவை. கூரையில் ஒட்டிய மாவு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொட்டுச் சொட்டாக இறங்கியது, நேராகப் பெஞ்சு மேல்.

கட்சிக்காரர் நிமிர்ந்து பார்த்து, "மழையா?" என்றார். மே மாதத்தில்.

அவர் சட்டையும் வெள்ளை, மாவும் வெள்ளை. ஒன்றுமே தெரியவில்லை. தோளைத் தட்டிப் பார்த்தார், கையில் ஈரம், மோந்தும் பார்த்தார். தாத்தா முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, "சோடா தெறிச்சிடுச்சு தலைவரே" என்றார். அது முழுப் பொய்யும் இல்லை. அவர் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே வெயிலில் நடந்தார், நடக்க நடக்க மாவு காய்ந்திருக்க வேண்டும். அந்தச் சட்டை அன்று சாயங்காலம் எவ்வளவு மொடமொடப்பாக இருந்திருக்கும் என்று நானும் அண்ணனும் இன்றுவரை பேசிச் சிரிப்பதுண்டு.

அண்ணன் பாட்டிலில் மிச்சம் இருந்ததை உள்ளங்கையில் ஊற்றி நக்கினான். நாக்கில் சுர்ரென்று ஏறியது என்று சத்தியம் செய்தான். எனக்கும் கொடுத்தான். ஏறியதுதான்! தாத்தாவும் ஒரு சொட்டு வாயில் வைத்துப் பார்த்தார், ரொம்ப நேரம் மென்றார்.

"புளிச்ச மாவுக்கு எதுக்கு நைனா கோலி?"

ஜாமெட்ரி பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், பாட்டில் கணக்கைக் கேட்கவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது. கேட்டிருந்தால் மூன்றாவது பாட்டில் ஞாபகம் வந்திருக்கும்.

மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாடியிலயே இருக்கா?"

மாடியிலேயே இருந்தது. இன்னும் இரண்டு பகல் முழுக்க வெயிலைத் தின்றுகொண்டு. கத்தரியில் வீட்டுக்குள் படுக்க முடியாது, ஐந்து குடித்தனமும் சாயங்காலம் மாடித் தரையில் தண்ணீர் தெளித்து, பாயை விரித்து, வரிசையாகப் படுத்துக்கொள்ளும். அன்று கரண்டும் இல்லை. நடு ராத்திரி. தொட்டிக்குப் பின்னாலிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம், கூடவே வாளி உருண்ட சத்தம், கூடவே மணல் மழை.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். திருடன் என்று ஒரு குரல். கேஸ் சிலிண்டர் என்று ஒரு குரல், மாடியில் ஏது சிலிண்டர் என்று பதில் குரல். சோடா பாட்டில் வீசுகிறார்கள், ஏதோ கட்சித் தகராறு என்றார் மூன்றாவது வீட்டு மாமா. அவர் சொன்னதுதான் உண்மைக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது. கண்ணாடிச் சில்லெல்லாம் தொட்டிச் சுவரும் மணலும் தடுத்து அந்தப் பக்கமே விழுந்திருந்தது, ஒருவர் மேலும் படவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம் தவிர வேறொன்றும் இல்லை. இந்த இடத்தில் கதையை நிறுத்தி, கண்ணாடிப் பாட்டிலில் இதைச் செய்யவே கூடாது, பலூன் போதும் என்று சொன்னேன். "அட்வைஸ்!" என்றாள். தகவல் என்றேன்.

மாவு மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. இருட்டில் ஆளாளுக்கு ஒரு சொட்டு. ஆயா ஒருத்தர்தான் எழுந்திருக்கவில்லை, மல்லாந்து படுத்தபடியே இருந்தார். மேல் உதட்டில் ஒரு சொட்டு விழுந்திருக்கிறது. கண்ணைத் திறக்காமலே நாக்கை நீட்டி அதை ருசி பார்த்தார்.

"நம்ம மாவு" என்றார்.

மாடி முழுக்க அமைதி. ஆயா இன்னொரு தடவை சப்புக் கொட்டினார்.

"உப்புப் போடல."

நான் பார்த்த எந்தத் துப்பறியும் கதையிலும் இதைவிட வேகமாகக் குற்றவாளி சிக்கியதில்லை. உப்புப் போடவில்லை என்றால் ஆட்டியதற்கும் கரைத்ததற்கும் நடுவில் எடுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருப்பது யார்? நாலாவது வீட்டுக்காரம்மா இல்லை. ஆயா எழுந்து உட்கார்ந்து, இருட்டில் சரியாக அண்ணன் படுத்திருந்த பக்கம் திரும்பி, "எத்தினி நாளா?" என்று கேட்டார். அவன் போர்வைக்குள்ளிருந்து, "ஒம்போது நாள் ஆயா" என்றான். பக்கத்தில் இருந்த நானும் சேர்த்து உதை வாங்கினேன், லாபத்தில் கால் பங்கு.

தண்டனை, லீவு முடிகிற வரைக்கும் அவன் ஆட்டுக்கல் குழவி சுற்ற வேண்டும். சுற்றினான். இடது கை, வலது கை மாற்றி மாற்றிச் சுற்றி, இத்தனை சுற்றுக்கு மேல் போனால் மாவு சூடாகிறது என்று அதிலும் ஒரு கண்டுபிடிப்பு. நாலாவது வீட்டுக்காரம்மாவுக்கு ஆயா காரணம் சொல்லாமல் ஒரு வாரம் இட்லி கொடுத்தனுப்பினார். அந்த மார்கழியில் பனிக்கு மாவு பொங்காமல் மந்தமாக இருந்தபோது, அண்ணன் பெரிய மனுஷன் தோரணையில், "ஆயா, குளிர் காலத்துல உப்பைக் காலைல போடு, அப்போதான் பொங்கும்" என்றான். ஆயா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அத எனக்கு என் மாமியா சொல்லிட்டா. நீ போய்ப் படி."

கதை முடிந்ததும் மருமகள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். "எக்ஸ்பெரிமென்ட் தப்பாப் போகலையே அத்தை. சோடா வந்துச்சே" என்றாள். அப்புறம், "அந்தப் பையன் இப்போ எங்க இருக்கான்?" பக்கத்து அறையில் ரிஸ்க் அசெஸ்மென்ட் முடிந்து கொட்டாவி விடும் சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கும் அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி போட எழுந்தேன். சமையல் மேடையில், மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். அடியில் ஒரு டம்ளர் அளவு மாவு, வாயில் மஞ்சள் பலூன், பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சியது. பலூன் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்து நின்றுகொண்டிருந்தது. அண்ணி இன்னும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தான், லுங்கியோடு, மேடைக்குச் சமமாகக் குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு. கையில் மார்க்கர் பேனா. மாவு எதுவரைக்கும் ஏறியிருக்கிறது என்று பாட்டிலில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணி எழுதினான். 6.40.

என்னைப் பார்த்ததும் கோடு போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். ஹாலை எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவான குரலில் கேட்டான்.

"இது உப்புப் போடறதுக்கு முன்னாடி எடுத்ததா, பின்னாடியா?"